ஒழிக்க வேண்டிய பட்டியலில் ஓர் உயிர் சேர்வது எப்படி?

1850-ல் ஜெர்மனியின் ஆகன் நகரம் வரைக்கும் ஒரு பக்கமிருந்து தந்திக் கம்பி வந்துவிட்டது. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் வரைக்கும் மறுபக்கமிருந்து வந்துவிட்டது. நடுவில் மட்டும் கம்பி இல்லை. பால் ஜூலியஸ் ராய்ட்டர் அந்த இடைவெளியைப் புறாக்களைக் கொண்டு அடைத்தார். பங்குச் சந்தை நிலவரத்தைச் சிறு தாளில் எழுதிப் புறாவிடம் கொடுத்தனுப்பினால், ரயிலுக்குச் சில மணி நேரம் முன்பே செய்தி போய்ச் சேரும். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் உருவான கதையில் இந்தப் பறவைகளுக்கும் பங்குண்டு. சீக்கிரமே நடுவிலும் கம்பி இழுத்துவிட்டார்கள். புறாக்களுக்கு அங்கே வேலை முடிந்தது.

தந்தி பறித்தது ஒரு வேலையைத்தான். புறா எச்சம் வயலுக்கு உரமாக இருந்தது, அதிலிருந்து வெடியுப்பும் எடுத்தார்கள். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து அமோனியா ஆக்கும் ஹேபர்-பாஷ் முறை வந்ததும் எச்சத்தை யாரும் தேடவில்லை. புறாக் கறியின் இடத்தைப் பண்ணைக் கோழி பிடித்துக்கொண்டது. முதல் உலகப் போரில் குண்டடி பட்ட நிலையிலும் செய்தியைக் கொண்டுசேர்த்த ஷேர் அமி என்ற புறாவுக்குப் பிரான்ஸ் வீரப் பதக்கம் கொடுத்தது. பிறகு அந்த வேலையையும் வானொலி எடுத்துக்கொண்டது. வேலை போனதே தவிர, பறவை ஊரைவிட்டுப் போகவில்லை. கூண்டிலிருந்து தப்பியவற்றின் வாரிசுகள் கட்டட விளிம்புகளில் கூடு கட்டின. புறாவின் மூதாதையான மாடப்புறா வாழ்ந்தது கடலோரப் பாறைச் சரிவுகளில்; உயர்ந்த கட்டடத்தின் விளிம்பு அதற்குப் பழகிய இடம்தான். 1966-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் ‘சிறகு முளைத்த எலிகள்’ என்ற வசை அச்சேறியது. அந்தப் பத்திரிகை 1851-லிருந்து புறாவைப் பற்றி எழுதியதையெல்லாம் எடுத்துப் படித்த சமூகவியலாளர் காலின் ஜெரால்மாக், அந்தப் பறவை படிப்படியாக எப்படித் தொல்லையாக உருமாற்றப்பட்டது என்று 2008-ல் ஒரு கட்டுரையில் காட்டியிருக்கிறார்.

இந்த நூறு ஆண்டுகளில் புறாவின் குணம் எதுவும் மாறவில்லை. மாறியது நம் கையிலிருந்த கருவிகள்தான். தொல்லை உயிர்களைப் பற்றிய பேச்செல்லாம் ‘அவற்றை எந்தத் தொழில்நுட்பத்தால் ஒழிக்கலாம்’ என்ற கேள்வியில்தான் வழக்கமாகத் தொடங்குகிறது. அதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது: எந்தத் தொழில்நுட்பம் அவற்றைத் தொல்லையாக்கியது? சில நேரம் அது ஒரு பிராணியின் பயனைப் பறிக்கிறது. சில நேரம், கண்ணில் படாமல் வாழ்ந்துகொண்டிருந்ததைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. இன்னும் சில நேரம், ஒழிக்க முடியும் என்ற நம்பிக்கையைக் கொடுத்து, அதுவரை இருந்த பொறுமையைக் கரைத்துவிடுகிறது.

கடைசியாகச் சொன்னது நன்றாகவே பதிவாகியிருக்கிறது. டிடிடி பூச்சியைக் கொல்லும் என்று 1939-ல் பால் முல்லர் கண்டறிந்தார். 1948-ல் நோபல் பரிசும் பெற்றார். அதே 1948-ல் வார்ஃபரின் என்ற எலிப் பாஷாணம் சந்தைக்கு வந்தது. இரண்டும் மலிவு, இரண்டும் அசாத்திய வீரியம். கொஞ்சம் எலி, கொஞ்சம் பூச்சி என்று சகித்துக்கொண்டிருந்த வீடுகளில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்ற எதிர்பார்ப்பு அதன் பிறகுதான் சாதாரணமானது. பத்தே ஆண்டுகளில், 1958-ல், வார்ஃபரினுக்கு அசராத எலிகள் ஸ்காட்லாந்தில் தென்பட்டன. பதிலுக்கு இன்னும் கடுமையான பாஷாணங்கள் வந்தன. அவை தின்ற எலியின் ஈரலில் நெடுநாள் தங்கி, அந்த எலியைத் தின்னும் ஆந்தையின் உடலிலும் ஏறின. எதிர்பார்ப்பு மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

படம் சொன்ன பொய்

தாஸ்மேனியப் புலி என்ற தைலசைன் கதை இந்த விஷயத்தின் மிகத் துயரமான பக்கம். பெயர்தான் புலி. உண்மையில் அது கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும் விலங்கு. ஆட்டுப் பண்ணைக்காரர்கள் மந்தை இழப்புக்கெல்லாம் அதையே பொறுப்பாக்கினார்கள். 1888 முதல் 1909 வரை, கொல்லப்பட்ட ஒவ்வொரு தைலசைனுக்கும் ஆஸ்திரேலியத் தீவான தாஸ்மேனியாவின் அரசு பணம் கொடுத்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தலைகளுக்குப் பணம் போனது.

1921-ல் ஹாரி பரெல் எடுத்த ஒரு புகைப்படம் அச்சில் வந்தது: வாயில் கோழியைக் கவ்விக்கொண்டு ஒரு தைலசைன். கோழித் திருடன் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? பரவலாகச் சுற்றிவந்த அந்தப் படத்தின் ஓரங்கள் வெட்டப்பட்டிருந்தன. முழுப் படத்தைப் பார்த்தால் அந்த விலங்கு அடைப்புக்குள் இருப்பது தெரியும். அது உயிரோடிருந்த விலங்கே இல்லை, பாடம் செய்து நிறுத்திய உடல் என்று பிற்காலத்தில் ஓர் ஆய்வாளர் முடிவு செய்தார். 2011-ல் மண்டையோட்டைக் கணினி மாதிரியில் ஆராய்ந்தபோது, வளர்ந்த ஆட்டைக் கொல்லும் வலு அந்தத் தாடைக்கு இல்லை என்று தெரியவந்தது. இவையெல்லாம் தெரியவந்த காலத்தில் தைலசைன் இல்லை. 1936 ஜூலையில் அதற்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி, அறியப்பட்ட கடைசி விலங்கு ஹோபார்ட் உயிரியல் பூங்காவில் இறந்தது. இன்று கோலோசல் பயோசயின்சஸ் என்ற அமெரிக்க நிறுவனம் மரபணுப் பொறியியலால் அதை மீட்டுக்கொண்டுவரப் பார்க்கிறது. தலைக்கு விலை வைத்துக் கொன்ற விலங்கின் மரபணுவை எழுத்தெழுத்தாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பரெலின் காலத்தில் ஒரு படம் அச்சேற மாதங்கள் ஆகும். இப்போது வாசல் மணியோடு சேர்ந்தே கேமரா வருகிறது. அசைவு தெரிந்தால் நள்ளிரவிலும் பதிவு செய்து போனுக்கு அனுப்புகிறது. அடுத்த நிமிடம் அக்கம்பக்கத்தார் குழுவில் அந்தக் காட்சி ஓடுகிறது. சிகாகோ வட்டாரத்தில் கொயோட்டி என்ற ஓநாய் இனப் பிராணிகளை 2000-லிருந்து ஆராய்ந்துவருகிறார்கள். நகரின் நெரிசலான பகுதிகளிலும் அவை இருக்கின்றன; எலி, முயல் போன்றவற்றைத் தின்று, பெரும்பாலும் மனிதர் கண்ணில் படாமல், இரவில் நடமாடுகின்றன. காலம்காலமாகத் தெருவைக் கடந்துபோன ஒரு விலங்கு முதல்முறை கேமராவில் சிக்கும்போது, பார்ப்பவருக்கு அது புதிதாக ஊருக்குள் நுழைந்துவிட்டதாகவே தோன்றும். அந்தப் பயத்தை நான் பரிகசிக்க மாட்டேன். குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் வேட்டை விலங்கின் கண்கள் மின்னுவதைப் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு பதறும். ஆனால் அன்றிரவு அங்கே புதிதாக இருந்தது கேமரா மட்டும்தான்.

இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தது

ஆஸ்திரேலியாவில் ஃபெலிக்சர் என்றொரு கருவியைப் பயன்படுத்துகிறார்கள். சூரிய மின்சக்தியில் இயங்கும் பெட்டி. எதிரே கடக்கும் பிராணியின் உயரம், உடல்வாகு, நடை ஆகியவற்றை லேசர் உணரிகளால் அளக்கிறது. பூனை என்று முடிவானால் நச்சுக் களிம்பு ஒன்றை அதன் விலாவில் பீய்ச்சுகிறது. பூனை சுத்தம் விரும்பும் பிராணி. உரோமத்தில் ஒட்டியதை நக்கித் துடைக்கும், நஞ்சு உள்ளே போகும், இறக்கும். தன்னைப் பேணிக்கொள்ளும் இயல்பையே அதன் சாவுக்கு வழியாக்கிய வடிவமைப்பு இது.

இதைச் செய்தவர்கள் கொடூரர்கள் கிடையாது. காட்டில் திரியும் பூனைகளால் ஆஸ்திரேலியாவின் சிறு பாலூட்டிகள் பல அழிந்தேபோயின. எஞ்சியவற்றைக் காக்கத்தான் இந்தக் கருவி. கண்ட இடத்தில் விஷ உணவைத் தூவுவதைவிட இது நுட்பமானது, வேறு விலங்குகளுக்கு ஆபத்து குறைவு. இதை மறுக்க முடியாது. என் கவலை வேறு. காட்டுப் பூனை என்று ஒழிக்கப்படுவதும், மடியில் படுத்துத் தூங்கும் வீட்டுப் பூனையும் ஒரே இனம், ஒரே உடல். லேசருக்கு அந்த வேறுபாடு தெரியாது. பெட்டியை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் மனிதருக்குத்தான் தெரியும். எது வேண்டாத உயிர் என்ற தீர்ப்பு இயந்திரத்துக்கு வெளியில், முன்கூட்டியே எழுதப்படுகிறது. பொறுப்பில் வைத்த பிறகு அது அந்தத் தீர்ப்பை ஒருநாளும் சந்தேகிக்காது.

கடலுக்கடியிலும் இதே வேலை நடக்கிறது. கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டில் முட்கிரீட நட்சத்திர மீன்கள் பவளத்தைத் தின்று தீர்க்கின்றன. 1985-க்கும் 2012-க்கும் இடையில் அங்கே பவளப் பரப்பு பாதியாகக் குறைந்தது. அந்த இழப்பில் ஏறக்குறைய 42 சதவீதத்துக்கு இந்த நட்சத்திர மீன்களே காரணம் என்று கணக்கிட்டார்கள். குவீன்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2015-ல் காட்ஸ்பாட் என்ற நீரடி ரோபோவை அறிமுகப்படுத்தியது. ஆயிரக்கணக்கான படங்களைக் கொண்டு நட்சத்திர மீனை அடையாளம் காண அதற்குப் பயிற்சி கொடுத்தார்கள். கண்டதும் பித்த உப்பு ஊசி போடும். ஒரே ஊசியில் அது செத்துப்போகும்.

இந்த நட்சத்திர மீன் வெளியிலிருந்து வந்ததில்லை. அந்தப் பவளத்திட்டின் பூர்வகுடி அது. திடீரென்று பெருகுவதற்கு, ஆறுகள் அடித்துவரும் உரச் சத்தில் பெருகும் மிதவைப் பாசியையும், நட்சத்திர மீனைத் தின்னும் உயிர்களை மனிதர்கள் பிடித்துவிட்டதையும் காரணமாகச் சொல்கிறார்கள். பாசி நிறைய இருந்தால், அதைத் தின்னும் நட்சத்திர மீன் குஞ்சுகள் (லார்வாக்கள்) நிறையப் பிழைக்கும். கரும்பு வயலிலிருந்து கடலுக்கு வரும் உரத்தை அடையாளம் காண ரோபோவுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. படத்தில் சட்டகம் போட்டுக் காட்ட முடிவது பிராணியை மட்டும்தான். பவளத்தைக் காக்க ஊசி தேவையாக இருக்கலாம், நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் குற்றவாளியின் முகமாக ஒரு உயிரை மட்டும் கருவி திரும்பத் திரும்பக் காட்டும்போது, மற்ற காரணங்களைப் பற்றிப் பேசுவதற்கான அவசரம் தணிந்துவிடுகிறது.

நிறுத்தினால் நிற்காத கருவி

1958-ல் சீனா ‘நான்கு தொல்லைகள்’ என்று எலி, ஈ, கொசு, சிட்டுக்குருவி ஆகியவற்றின் மீது போர் தொடுத்தது. கருவி என்று பார்த்தால் தாம்பாளமும் மேளமும்தான். மக்கள் கூட்டம் கூட்டமாகத் தட்டி ஓசையெழுப்பி, குருவிகளை எங்கும் அமரவிடாமல் களைத்து விழச்செய்தார்கள். குருவி தானியத்தோடு பூச்சியையும் தின்னும் என்பது பயிர்கள் அழிந்த பிறகு உறைத்தது. 1960-ல் பட்டியலிலிருந்து குருவியை நீக்கி மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். அந்தத் தவறும் சேர்ந்துகொண்ட பஞ்சத்தில் மனிதர்கள் கோடிக்கணக்கில் மாண்டார்கள். அவ்வளவு பெரிய கொடுமையிலும் ஒன்று மட்டும் சாத்தியமாக இருந்தது: மக்கள் தட்டுவதை நிறுத்தியதும் கொலை நின்றது.

அப்படி நிற்காத கருவியை உலகம் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறது. 1859-ல் தாமஸ் ஆஸ்டின் இங்கிலாந்திலிருந்து வேட்டைக்காக வரவழைத்த இருபத்துச் சொச்சம் முயல்கள் ஆஸ்திரேலியக் கண்டத்தையே மொய்த்துவிட்டன. வேலி, துப்பாக்கி, விஷம் எதுவும் பலிக்காமல் 1950-ல் மிக்சோமா என்ற வைரஸை அங்கே பரப்பினார்கள். ஆரம்பத்தில், தொற்றிய முயல்களில் நூற்றுக்கு 99 செத்தன.

இதைக் கேள்விப்பட்டவர்களில் ஒருவர் பால் ஃபெலிக்ஸ் அர்மான்-டெலில். பிரான்ஸைச் சேர்ந்த மருத்துவர், நுண்ணுயிரியல் அறிந்தவர். மைய்புவா என்ற ஊரில் மதில் சூழ்ந்த பண்ணை வைத்திருந்தார். 1952 ஜூனில் சுவிட்சர்லாந்தின் ஆய்வகம் ஒன்றிலிருந்து வைரஸை வாங்கி, இரண்டு முயல்களுக்குச் செலுத்தி, பண்ணைக்குள் விட்டார். மதில் இருக்கிறதே என்ற தைரியம். சில வாரங்களில் பண்ணை முயல்கள் ஏறக்குறைய எல்லாமே செத்தன. சில மாதங்களில் மதிலுக்கு வெகு தூரத்தில் செத்த முயல்கள் கிடைத்தன. 1953-ல் வைரஸ் பிரிட்டனைத் தொட்டது. முயல் வேட்டையை நம்பியவர்கள் அவர்மீது வழக்குப் போட்டார்கள், 5,000 ஃப்ராங்க் அபராதம் விழுந்தது. பயிர் பிழைத்த விவசாயிகளோ கொண்டாடினார்கள்; 1956-ல் அவருக்குத் தங்கப் பதக்கமும் கிடைத்தது. ஒரே செயலுக்கு அபராதமும் பதக்கமும் கிடைத்த தேசத்தில், முயல் தொல்லையா செல்வமா என்பதை இரண்டு முயல்களும் ஒரு தனிமனிதரும் எல்லோருக்கும் சேர்த்து முடிவு செய்துவிட்டார்கள்.

வைரஸ் தெற்கே இறங்கி ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் போனது. அதுதான் இந்த முயலின் பிறந்த மண். அங்கே ஐபீரிய லின்க்ஸ் என்ற புள்ளிப் பூனைக்கு முயல்தான் முக்கிய உணவு. முயல் குறைந்தது, லின்க்ஸும் குறைந்தது. 2002 வாக்கில் நூறுகூட மிஞ்சவில்லை. பெரும்பாடுபட்டு இப்போது இரண்டாயிரத்தைத் தாண்ட வைத்திருக்கிறார்கள். அந்த முயலையோ, உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழியும் அபாயத்திலிருக்கும் இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இன்றும் அதை ஒழிக்க வைரஸ் விடுகிறார்கள்.

ஜீன் டிரைவ் என்ற புதிய தொழில்நுட்பத்தை இந்த முயலை மனதில் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. வழக்கமாக ஒரு மரபணு, பிறக்கும் குட்டிகளில் பாதிக்குத்தான் போய்ச்சேரும். கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியையும் சேர்த்து அந்த மரபணுவோடு பதித்துவிட்டால், அது இணைக் குரோமோசோமை வெட்டுகிறது. செல் அந்த வெட்டைச் சரிசெய்யும்போது டிரைவையே பார்த்துப் பிரதியெடுத்துக்கொள்கிறது. அதனால் ஏறக்குறைய எல்லாக் குட்டிகளுக்கும் அது போகிறது, அவற்றின் குட்டிகளுக்கும் போகிறது. பெண்ணை மலடாக்கும் மாற்றமாக இருந்தால் இனமே படிப்படியாகச் சரியும். 2018-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் கூண்டுக்குள் வைத்த மலேரியா கொசுக்கூட்டம் 7 முதல் 11 தலைமுறைக்குள் இல்லாமல்போனது. 2022-ல் அடிலெய்டு பல்கலைக்கழகம் சுண்டெலிகளில் இதன் ஒரு வடிவத்தைக் காட்டியது: 250 மாற்றப்பட்ட எலிகளை விட்டால், இரண்டு லட்சம் எலிகள் உள்ள ஒரு தீவை சுமார் 20 ஆண்டுகளில் எலியில்லாத் தீவாக்கலாம் என்பது அவர்களின் கணினிக் கணக்கு.

எலி, கீரி போன்ற ஸ்டோட், பாசம் (possum) என்ற மரமேறும் பைவிலங்கு ஆகியவற்றை 2050-க்குள் ஒழிப்பதாக நியூசிலாந்து 2016-ல் அறிவித்தது. பறக்கத் தெரியாத பறவைகள் நிறைந்த அந்த மண்ணில் இவை செய்த நாசம் நிஜம். பாசத்தை உரோம வியாபாரத்துக்காகக் கொண்டுவந்து விட்டவர்கள் குடியேறிகள். முயலை அடக்க ஸ்டோட்டைக் கொண்டுவந்ததும் அவர்களே. கடலுக்கு அந்தப்பக்கம், ஆஸ்திரேலியாவில், அதே பாசம் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட மண்ணின் விலங்கு. ஜீன் டிரைவ் ஏந்திய பாசம் ஒன்று அந்தப்பக்கம் போய்ச் சேர்ந்தால்? கிரிஸ்பர் மூலம் இந்த வழியை 2014-ல் முன்வைத்த கெவின் எஸ்வெல்ட்டே, நியூசிலாந்தின் நீல் ஜெம்மலோடு சேர்ந்து 2017-ல் எச்சரித்தார்: தானாகப் பரவும் எளிய வடிவத்தை இயற்கைப் பாதுகாப்புக்கு எடுப்பது, புதிய ஆக்கிரமிப்பு இனம் ஒன்றைப் படைப்பதற்குச் சமம். தான் கண்ட வழியைப் பற்றித் தானே முன்வந்து இப்படிச் சொல்லும் அறிவியலாளர்கள் அபூர்வம். அவர்மீது எனக்கு மரியாதை கூடியது அப்போதுதான்.

எல்லா உயிர்களையும் ஒரே தராசில் வைக்கவும் முடியாது. 2023-ல் மட்டும் மலேரியா சுமார் 5,97,000 பேரைக் கொன்றது என்பது உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. பெரும்பாலும் ஆப்பிரிக்காவில், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் கொசுவின் உரிமை பேச எனக்கு வாய் வராது. உயிருள்ள சதையைப் புழுவாகத் தின்னும் ஸ்க்ரூவார்ம் ஈயும் அப்படித்தான். கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண் ஈக்களை விட்டு வட அமெரிக்காவிலிருந்தே அதை விரட்டினார்கள். விடுவதை நிறுத்தினால் விளைவும் நிற்கும் கருவி அது. அதனால் திருத்திக்கொள்ள முடியும், ஆனால் ஓயாமல் செலவிட வேண்டும். தடுப்பு பலவீனப்பட்டதும் 2023-லிருந்து அந்த ஈ பனாமாவைத் தாண்டி வடக்கே ஏறி, 2024 நவம்பரில் மெக்சிகோவுக்குள் வந்துவிட்டது. திரும்பப் பெற முடிகிற கருவிகளுக்கு இந்த விலை இருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது.

என்றாலும், ஒருமுறை விட்டால் திரும்ப அழைக்க முடியாததை விடும் முடிவு யாருடையது? 2018-ல் ஐ.நா. பல்லுயிர் உடன்படிக்கை நாடுகள், அந்தந்த மண்ணின் மக்களுடைய முன்சம்மதத்தை நாட வேண்டும் என்று பேசி முடித்தன. 2025 ஆகஸ்டில் புர்கினா ஃபாசோ அரசு, மரபணு மாற்றிய கொசுக்களை ஆராய்ந்து அங்கே பல ஆண்டுகளாக நடந்துவந்த டார்கெட் மலேரியா திட்டத்தை நிறுத்தச்சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் அபுதாபியில் கூடிய இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தில், காட்டுயிர்களின் மரபணுவை மாற்றத் தற்காலிகத் தடை கோரிய தீர்மானம் ஒரே ஒரு வாக்கில் தோற்றது.

எஸ்வெல்ட் வேறொரு வழியையும் நடத்திப் பார்த்துவருகிறார். அமெரிக்காவின் நான்டக்கெட், மார்த்தாஸ் வின்யார்ட் தீவுகளில் லைம் நோய் அதிகம். வெண்கால் சுண்டெலியைக் கடிக்கும் உண்ணி அதிலிருந்து கிருமியை வாங்கி மனிதருக்குக் கொடுக்கிறது. எலியை ஒழிப்பதற்குப் பதில், அந்தக் கிருமி ஒட்டாத உடலோடு எலிகள் பிறக்கும்படி செய்யலாம் என்பது யோசனை. ஆய்வகத்தில் ஓர் எலியைக்கூட மாற்றுவதற்கு முன்பே, 2016-ல், தீவு மக்களின் பொதுக்கூட்டங்களுக்குப் போய்க் கேட்டார்கள். கூட்டங்களில் வந்த விருப்பங்கள் தெளிவாக இருந்தன: தானாகப் பரவும் டிரைவ் வேண்டாம், வேறு உயிரின் மரபணுவும் வேண்டாம், எலியின் சொந்த மரபணுவையே பயன்படுத்துங்கள். அதற்கேற்பத் திட்டத்தை வகுத்தார்கள். வேலை பல ஆண்டுகள் இழுத்தது, அந்த எலிகள் இன்னும் தீவில் விடப்படவில்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை இப்போதும் அந்த ஊர்க்காரர்களிடமே இருக்கிறது.